லூப் வைத்துக் கொண்டு ஓடலாமா?

ஹார்மோன் லூப் வைத்துக் கொண்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு முதலில் கிடைப்பது என்ன தெரியுமா? உபதேசம்! "குடத்தைத் தூக்காதே! மாடிப்படி தடதடவென்று ஏறாதே! ஸ்கிப்பிங் கயிற்றைத் தொடவே தொடாதே! உள்ளே இருப்பது நகர்ந்து விடும்!" சொல்கிறவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டுப் பயந்து, தினமும் செய்து வந்த தேகப் பயிற்சியை வருஷக் கணக்கில் விட்டு விட்டால் நஷ்டம் யாருக்கு? பாட்டிக்கா, பக்கத்து வீட்டுக்கா? நமக்குத்தானே!

ஆகையால் சகோதரிகளே, விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகவே பார்த்து விடுவோம்.

பின்லாந்து தேசத்தில் 1990-ல் முதன்முதலாக உபயோகத்துக்கு வந்த சாதனம் இது. ஆங்கில 'டி' எழுத்தின் உருவம். ஒன்றேகால் அங்குல நீளம். பெரும்பாலும் வைக்கப்படும் வகையில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் இருக்கிறது. ஆரம்பத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் வீதம் அது கசிந்து கொண்டே இருக்கும். கர்ப்பப்பையின் வாயில் உள்ள திரவத்தைக் கெட்டியாக்கி, உள் சவ்வை மெல்லியதாக்கிக் கருத்தரிக்காமல் காக்கிறது.

சரி, குதித்தால் இது நகருமா? கர்ப்பப்பை என்பதும் ஒரு பைதான் என்று நினைத்து விடுகிறோம். உண்மையில் அது கனத்த தசைச் சுவர் கொண்ட, பேரிக்காய் அளவுள்ள உறுப்பு. உள்ளே இருக்கும் இடமோ மிகக் குறுகல். அதில் சாதனத்தின் இரண்டு கைகளும் மேற்புறம் விரிந்து நிற்கின்றன. நீங்கள் குதித்தால் கர்ப்பப்பையும் கூடவேதான் குதிக்கிறது! டப்பாவுக்குள் போட்ட புளியங்கொட்டை மாதிரி சாதனம் தனியாகக் குலுங்குவதில்லை. சிரசாசனம் செய்தால் மேலே ஏறியும் விடாது.

நூறு பேரில் சுமார் ஐந்து பேருக்கு அது நழுவி வெளியே வருவது உண்டு. பெரும்பாலும் முதல் வருஷத்தில், அதிலும் முதல் சில மாதங்களில். பிரசவமானவுடனே வைத்துக் கொண்டவர்களுக்கும், மாத விலக்கில் உதிரம் மிகுதியாகப் போகிறவர்களுக்கும் இது சற்று அதிகம். ஆனால் அதை வெளியே தள்ளுவது கர்ப்பப்பையின் சொந்தச் சுருக்கமே தவிர, நீங்கள் போட்ட தோப்புக்கரணம் அல்ல.

அப்படியானால் எப்போது ஆரம்பிக்கலாம்? வைத்துக் கொண்ட அன்று ஓய்வாக இருங்கள். அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும்; சிலருக்குத் தலை சுற்றும். மறுநாள் மெல்ல நடந்து பாருங்கள். வலி இல்லையென்றால் யோகாசனம், ஓட்டம், பாட்மின்டன், பளு தூக்குதல் என்று பழைய வழக்கத்துக்குத் திரும்பலாம். நீச்சலுக்கு மட்டும் ஓரிரு நாள் பொறுத்திருக்கும்படி டாக்டர்கள் சொல்வதுண்டு. உங்கள் டாக்டர் சொன்ன கணக்கே உங்களுக்குக் கணக்கு.

முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை, சொட்டுச் சொட்டாக உதிரம் படலாம். பயிற்சியின்போது ஒரு பட்டை வைத்துக் கொண்டால் கவலை இல்லை. பிறகு மாத விலக்குக் குறைந்து கொண்டே வரும். ஒரு வருஷத்துக்குள் ஐந்து பேரில் ஒருவருக்கு நின்றே போவதும் உண்டு. அதனால் கெடுதல் இல்லை. மாதவிடாய்க் கிண்ணம் உபயோகிக்கிறவர்கள் மட்டும் ஜாக்கிரதை! அது காற்றை உறிஞ்சிப் பிடித்துக் கொள்ளும். அப்படியே இழுத்தால் சாதனமும் கூடவே வந்து விடலாம். முதலில் கிண்ணத்தின் பக்கத்தை அழுத்திப் பிடிப்பை விடுவித்து, பிறகே எடுக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை கையைச் சுத்தமாகக் கழுவி, சாதனத்தின் நூல் விரலில் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். இழுக்கக் கூடாது! நூல் வழக்கத்தைவிட நீளமாக இருந்தாலோ, தட்டுப்படாவிட்டாலோ, கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள். அதுவரை ஆணுறை உபயோகிப்பது நல்லது. கடுமையான வயிற்று வலி, ஜுரம், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், அதிக உதிரப் போக்கு இவை கண்டாலும், கர்ப்பம் தரித்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தாலும் தாமதிக்கலாகாது. 'நேற்று ஓடினேன், அதனால்தான் வலிக்கிறது' என்று நீங்களே முடிவு கட்டி விடாதீர்கள்.

நம் தேசத்தில் 1965-ல் சர்க்கார் லூப் திட்டத்தைப் பெரிய அளவில் ஆரம்பித்தது. வைத்துக் கொண்ட பெண்களின் உதிரப் போக்கையும் வலியையும் பிறகு விசாரிப்பார் இல்லை. அந்த இடைவெளியில் வதந்திகள் புகுந்து கொண்டன; பெண்கள் மிரண்டு போனார்கள். இன்று சாதனம் வேறு, காலமும் வேறு. ஆனால் கேட்காமல் விட்ட சந்தேகம் இன்றும் அதே வேலையைத்தான் செய்யும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கூச்சத்தை வாசலிலேயே விட்டு விட்டு, "நான் தினம் ஓடுகிறேன், எனக்கு இது சரிப்படுமா?" என்று வாய் திறந்து கேளுங்கள். பதில் கிடைத்ததும் செருப்பை மாட்டிக் கொண்டு கிளம்ப வேண்டியதுதான்!