நாந்த் யாருடைய ஊர்?

பிரான்சின் மேற்கே, லுவார் ஆறு கடலை நெருங்கும் இடத்தில் இருக்கிறது நாந்த் நகரம். ஊர் நடுவே அகழி சூழ்ந்த கோட்டை ஒன்று. அதன் பெயரே 'பிரிட்டனி கோமகன்களின் கோட்டை'. பிரிட்டனியின் கோமகள் ஆன் 1477-ல் பிறந்தது அங்கேதான். பிரெஞ்சு மன்னர்கள் இருவரை அடுத்தடுத்து மணந்து அரசியானவர் அவர். இறந்த பிறகு அவருடைய இதயம் மட்டும் சொந்த ஊருக்கு வந்தது. அதைச் சுமந்து வந்த பொற்பேழை இன்றும் நாந்தில் இருக்கிறது. ஆனால், அரசாங்க வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தால் நாந்த் பிரிட்டனி மாகாணத்தில் இல்லை!

நாடு ஜெர்மனியின் பிடியில் இருந்த 1941-ல், ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசு ஓர் ஆணை போட்டு நாந்த் இருக்கும் மாவட்டத்தைப் பிரிட்டனியிலிருந்து பிரித்தது. போர் முடிந்து, 1950-களில் மாகாணங்களை வகுத்தவர்களும் அதே எல்லைக்கோட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எல்லை வகுப்பது அரசின் வேலைதான். அதை எப்படி வகுப்பது என்பதில்தான் சிக்கல். பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் பழைய மாகாணங்களைக் கலைத்து, 1790-ல் 83 மாவட்டங்களை உருவாக்கினார்கள். நாட்டைச் சதுரம் சதுரமாக வெட்டிவிடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. நல்லவேளை, அது எடுபடவில்லை. எந்த மூலையில் இருப்பவரும் குதிரையேறிப் புறப்பட்டால் ஒரே நாளில் தலைமையிடத்தை அடைய வேண்டும் என்பதை அளவாக வைத்தார்கள். ஆறு, மலை, கடல் ஆகியவற்றின் பெயர்களைச் சூட்டினார்கள். குடியானவரின் பயண தூரத்தை வைத்து வரைந்த கோடு என்பதால் அது நிலைத்தது. 2009-ல் வாகன எண் பலகை முறை மாறியபோது, மாவட்ட எண்ணை எடுத்துவிடக் கூடாது என்று மக்களே குரல் எழுப்பி, அதைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

2016 ஜனவரி 1 அன்று நடந்தது வேறு கதை. ஐரோப்பாவில் உள்ள பிரான்சின் 22 மாகாணங்கள் 13 ஆகச் சுருங்கின. செலவு குறையும், ஐரோப்பாவின் பெரிய மாகாணங்களோடு போட்டி போடலாம் என்றார்கள். எதிர்பார்த்த சிக்கனம் கைகூடவில்லை என்று நாட்டின் தணிக்கை மன்றமே 2019-ல் சொல்லிவிட்டது. வடக்கே பிக்கார்டி என்ற பழம்பெயர் மறைந்து, 'ஓ-த-பிரான்ஸ்' வந்தது. 'உயர் பிரான்ஸ்' என்று பொருள். அங்கே மிக உயர்ந்த மேடே 300 மீட்டரை எட்டாது. தெற்கே 'ஒக்சித்தானி' என்ற பெயரைக் கேட்டு, பெர்பிஞ்ஞான் பகுதியின் கத்தலான் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களுடைய மொழியும் வேறு, நினைவும் வேறு.

பெரிய காயம் அல்சாஸுக்கு. ரைன் ஆற்றுக்கும் வோஜ் மலைக்கும் இடையே கிடக்கும் இந்த ஒடுங்கிய நிலம், 1871-ல் ஜெர்மனிக்குப் போனது, 1918-ல் திரும்பியது, 1940-ல் மறுபடி போய், போரின் முடிவில் மறுபடி வந்தது. அந்தப் போக்குவரத்தின் தடம் அன்றாட வாழ்வில் இன்னும் இருக்கிறது. பிரான்சில் ரயில்கள் பொதுவாக இடப்பக்கத் தண்டவாளத்தில் ஓடும். அல்சாஸுக்குள் வலப்பக்கம் ஓடும். அரசையும் மதத்தையும் பிரித்த 1905-ம் ஆண்டுச் சட்டம் அங்கே செல்லாது. கிறிஸ்தவ, யூத மதகுருக்களுக்கு அரசு இன்றும் சம்பளம் தருகிறது. சட்டம் வந்தபோது அந்த மண் ஜெர்மனியில் இருந்ததே காரணம். இப்படிப்பட்ட மண்ணை லொரேன், ஷாம்பேன்-ஆர்தென் ஆகியவற்றோடு சேர்த்து 'கிராந்த் எஸ்த்' என்று பெயரிட்டார்கள். 'பெருங்கிழக்கு' என்பதுதான் அதன் பொருள். திசையைச் சொல்லும் பெயர். அங்கே வாழ்பவர் யார் என்பதைச் சொல்லாத பெயர். பரப்பிலோ பெல்ஜியத்தைவிடப் பெரிது.

இதில் அல்சாஸ்காரர்களுக்கும் பங்கு உண்டு. தங்கள் மாகாண, மாவட்ட மன்றங்களை ஒன்றாக்கலாமா என்று 2013-ல் அவர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. தென்பாதியான மேல் ரைன் மாவட்டம் மறுத்தது, வாக்களிக்க வந்தவர்களும் குறைவு. திட்டம் விழுந்தது. ஆனாலும், சிறிய இணைப்புக்கு மக்களின் சம்மதம் கேட்டுவிட்டு, மூன்றே ஆண்டுகளுக்குள் அதைவிடப் பல மடங்கு பெரிய இணைப்பைக் கேட்காமலே செய்ததை எப்படி நியாயப்படுத்துவது? பிறகு 2021-ல் இரு மாவட்ட மன்றங்களையும் இணைத்து 'அல்சாஸ் ஐரோப்பிய மன்றம்' அமைத்தார்கள். பெயர் திரும்பியது, மாகாணம் திரும்பவில்லை.

நாந்திலும் கேள்வி ஓயவில்லை. பிரிட்டனியோடு சேர்வது பற்றி வாக்கெடுப்பு வேண்டும் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு 2018-ல் மாவட்ட மன்றத்துக்குப் போனது. 2021-ல் நகர மன்றமும் அதையே அரசிடம் கேட்டது. சேர்வதா வேண்டாமா என்பதை அந்த மக்கள் சொல்லட்டும். விஷி அரசின் எல்லைக்கோட்டைக் காப்பாற்ற வேண்டிய கடமை பிரெஞ்சுக் குடியரசுக்கு இல்லை. வாக்குப்பெட்டியைப் பாரிஸ் இனியாவது நாந்துக்கு அனுப்ப வேண்டும்.