ஒட்டத் தெரிந்தால் மட்டும் போதுமா?

நொய்டா வந்து பதினோரு வருஷம் ஆகிறது. போன டிசம்பர் குளிரில் அம்மாவுக்கு நிமோனியா. நாலு நாள் ஆஸ்பத்திரி வாசம், நல்லபடியாகத் தேறிவிட்டார். ஆனால் கிளம்புகிற அன்று, டிரிப்ஸ் ஊசி மேல் போட்டிருந்த பிளாஸ்திரியை நர்ஸ் சரக்கென்று உரிக்க, தோலும் சேர்ந்து வந்துவிட்டது. எழுபத்தெட்டு வயதுத் தோல், வெங்காயச் சருகு மாதிரி. "மெதுவாம்மா" என்று அம்மா சொன்னது அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நான் பில் கவுண்டரில் நின்றிருந்தேன். புண் ஆற மூன்று வாரம் ஆனது.

என் பிழைப்பு சிலிக்கான் சில்லுத் துறையில். சில்லுகளை அறுக்கும்போது சிலிக்கான் தகட்டை ஒரு டேப்பில் ஒட்டி வைப்பார்கள். அறுத்து முடிக்கும்வரை உடும்புப் பிடி. அப்புறம் அடியிலிருந்து புற ஊதா ஒளி காட்டினால், பசையின் பாலிமர் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னி இறுகி, பிசுபிசுப்பு போய்விடும். சில்லு சிராய்ப்பில்லாமல் கழன்று வரும்.

மருத்துவத்திலும் ஒளிப் பசை புதிதில்லை. பல் டாக்டர் நீல விளக்கு காட்டிச் சொத்தையை அடைப்பதும் இதே தத்துவம்தான். நுரையீரல் அறுவையில் காற்றுக் கசிவை அடைக்கும் ஒளிப் பசைக்கு அமெரிக்கா 2000-லேயே அனுமதி கொடுத்தது. 2014-ல் பாஸ்டனில் ஜெஃப்ரி கார்ப் குழுவினர், துடிக்கிற பன்றி இதயத்திலேயே ஒட்டி, சில நொடி ஒளியில் இறுகும் பசையைச் செய்து காட்டினார்கள். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை.

ஆனால் பாருங்கள், இவையெல்லாம் 'ஒட்டு' என்றால் ஒட்டும் பசைகள். 'விடு' என்றால் விடும் பசைதான் நம் பெற்றோருக்கு வேண்டும். புற ஊதா தோலுக்கு ஆகாது, சாதாரண வெளிச்சத்தில் விடவேண்டும். அதுவரை வெளிச்சம் படாமல் மேலே ஒரு மறைப்பும் வேண்டும். இதில் ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. ஆனாலும் இதயத்தை ஒட்டினால் தலைப்புச் செய்தி, பிளாஸ்திரி வலிக்காமல் வந்தால் யார் எழுதப்போகிறார்கள்? சிலிக்கானுக்குக் காட்டும் கருணையைக் கிழவியின் கைக்கும் காட்டக்கூடாதா என்பதுதான் என் கேள்வி.

அது கடைக்கு வரும்வரை, ஊரிலிருந்து பெற்றோரைக் கூட்டிவந்திருக்கும் நண்பர்களே, சிலிகோன் பசை டேப் கேளுங்கள். விலை கூடத்தான், ஆனால் தோலை இழுக்காது. உரிக்கும்போது தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, டேப்பைத் தோலோடு ஒட்டினாற்போல் பின்னுக்கு மடித்து, நிதானமாக எடுக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, அந்த நேரத்தில் பக்கத்தில் இருங்கள். 'தீரே தீரே' என்று சொல்ல அங்கே ஒரு ஆள் வேண்டும்.