கோடு காட்டும் வழியும் புள்ளி சொல்லும் மதிப்பும்



பதினோராம் வகுப்பில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் அண்மையில் நம்மிடம் ஒரு குறையைத் தெரிவித்தனர். கணித வினாத்தாளில் ஒரு வரைபடம் தரப்படுகிறது. அதில் ஓரிடத்தில் கரும்புள்ளி, அதற்கு நேர்மேலே வெறும் வட்டம். 'இவ்விடத்தில் சார்பின் மதிப்பு யாது?' என்பது வினா. எதைப் பார்த்து விடை எழுதுவது என்றறியாமல் பிள்ளைகள் தடுமாறுகின்றனர். வீட்டில் விளக்கிச் சொல்வாரும் இல்லை. இதுவே அக்குறை.

இதனை விளங்கிக்கொள்ளப் பெரும் புலமை வேண்டுவதில்லை. இரு மாதங்களுக்கு ஒருமுறை நம் இல்லங்களில் கணக்கிடப்படும் மின் கட்டணமே இதற்குப் போதிய ஆசிரியர். ஆகவே, பெற்றோரும் பிள்ளைகளும் வரைபடத் தாளும் எழுதுகோலுமாக ஒன்றாய் அமர்ந்து இதனைப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

முதலில், சார்பு என்பது யாது? ஓர் எண்ணைக் கொடுத்தால், அதற்குரிய மற்றோர் எண்ணைத் தரும் விதியே சார்பு. ஒன்றைக் கொடுத்தால் ஒன்றே வரவேண்டும், இரண்டு வரலாகாது. செலவிட்ட யூனிட்டுகளின் எண்ணிக்கையைச் சொன்னால், செலுத்த வேண்டிய தொகை ஒன்றே ஒன்றாக வருகிறதன்றோ? எனவே மின் கட்டணமும் ஒரு சார்பே. ஆனால் எல்லா அளவுக்கும் ஒரே விதி இருந்தாக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஒரு பகுதிக்கு ஒரு விதியும், அடுத்த பகுதிக்கு வேறொரு விதியும் அமையலாம். இவ்வாறு அமைந்ததையே துண்டுவாரிச் சார்பு என்பர்.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். பின்னர் வந்த ஆணைகளால் தொகைகள் மாறியுள்ளன; எனினும் பாடத்திற்கு இவ்வெண்களே எளியவை. இரு மாதங்களில் 500 யூனிட் வரை செலவிடும் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். ஆனால் 500-ஐக் கடந்த வீடுகளுக்கோ விதியே வேறு. முதல் 100 அவர்களுக்கும் இலவசந்தான்; ஆயினும் 101 முதல் 400 வரை யாவற்றுக்கும் 4 ரூபாய் 50 காசு; 401 முதல் 500 வரை 6 ரூபாய்; 501 முதல் 600 வரை 8 ரூபாய்; அதற்கு மேல் இன்னும் உயரும்.

இப்போது படம் வரைவோம். கிடையச்சில் யூனிட்டுகளையும், நிலையச்சில் மொத்தத் தொகையையும் குறித்துக்கொள்ளுங்கள். முழு யூனிட்டுகளையே கணக்கில் கொண்டாலும், பார்வைக்கு எளிதாகும் பொருட்டுக் கோடாகவே இழுப்போம். 0 முதல் 100 வரை கோடு கிடையச்சின்மீதே படுத்திருக்கும். 100-இல் தலைதூக்கிச் சாய்வாக ஏறி, 200-இல் 225 ரூபாயை அடையும். அங்கிருந்து சாய்வு மிகும். 400-இல் 1125 ரூபாய். மேலும் செங்குத்தாகி, 500-இல் 1725 ரூபாய். இதுவரை கோடு மூன்று இடங்களில் வளைந்ததேயன்றி, எங்கும் அறுபடவில்லை.

500-இல்தான் அது அறுபடுகிறது. 501 யூனிட் செலவிட்ட வீட்டின் கணக்கைப் பாருங்கள்: 101 முதல் 400 வரை 1350 ரூபாய், அடுத்த 100-க்கு 600 ரூபாய், கடைசி யூனிட்டுக்கு 8 ரூபாய், ஆக 1958 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடியதால் தொகை 233 ரூபாய் கூடிவிட்டது! ஆகவே, 500-க்கு மேற்பட்டோரின் கோடு கீழ்க்கோட்டின் முனையிலிருந்து தொடங்காமல், அதற்கு நேர்மேலே 1950 என்னும் உயரத்திலிருந்து புறப்படுகிறது.

இங்கேதான் கரும்புள்ளியும் வெறும் வட்டமும் வருகின்றன. கீழ்க்கோட்டின் முனையில், 1725 என்னும் உயரத்தில், கரும்புள்ளி இடுகிறோம். மேற்கோட்டின் தொடக்கத்தில், 1950 என்னும் உயரத்தில், வெறும் வட்டம் இடுகிறோம். ஏனெனில், சரியாக 500 யூனிட் செலவிட்டவர் முதல் விதிக்கு உட்பட்டவர். இரண்டாம் விதிக்கு உட்பட்டவர் அல்லர். கரும்புள்ளி 'இவ்விடம் என்னுடையது' என்கிறது. வெறும் வட்டமோ, 'இதன் அருகுவரை வருகிறேன். இவ்விடம் என்னுடையது அன்று' என்கிறது.

எனவே, மதிப்பைக் காணும் முறை இதுவே. கேட்கப்பட்ட எண்ணைக் கிடையச்சில் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து நேர்குத்தாக மேலும் கீழும் பாருங்கள். வெறும் வட்டத்தைக் கடந்து சென்று, கரும்புள்ளியையோ அறுபடாத கோட்டையோ சந்திக்கும் இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து குறுக்கே சென்று நிலையச்சில் உள்ள எண்ணைப் படியுங்கள். அதுவே மதிப்பு. ஒரே நேர்குத்துக் கோட்டில் இரண்டு கரும்புள்ளிகள் இருக்குமாயின், அப்படம் சார்பே அன்று. வெறும் வட்டங்கள் மட்டுமே இருந்து கரும்புள்ளி எங்கும் இல்லையாயின், அவ்விடத்தில் சார்புக்கு மதிப்பே இல்லை. சில வினாக்களில் கோடு ஓர் உயரத்தில் சென்று கொண்டிருக்க, கரும்புள்ளி மட்டும் தனித்து வேறோர் உயரத்தில் நிற்கும். அப்போதும் விடை அத்தனிப்புள்ளியின் உயரமே.

பிள்ளைகள் பெரிதும் தவறுவது பிறிதோர் இடத்தில். கோடு எதை நோக்கிச் செல்கிறது என்பது ஒரு வினா. அவ்விடத்தில் உண்மையாக என்ன இருக்கிறது என்பது வேறொரு வினா. முன்னதை எல்லை என்பர். பின்னதை மதிப்பு என்பர். நம் படத்தில் 500-ஐ இடப்புறமிருந்து அணுகினால் எல்லை 1725. வலப்புறமிருந்து அணுகினால் 1950. மதிப்போ 1725 மட்டுமே.

இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தியோருள் கத்தோலிக்கக் குரு ஒருவரும் உண்டு என்பதை அறிந்தால் வாசகர்கள் மகிழ்வர். பிராகு நகரைச் சேர்ந்த பெர்னார்டு போல்சானோ 1817-இல் வெளியிட்ட நூலில், தொடர்ச்சி என்றால் என்ன என்பதற்குத் துல்லியமான இலக்கணம் வகுத்தார். ஓரிடத்திலிருந்து வேண்டிய அளவு சிறிதாக நகர்ந்தால், மதிப்பின் மாற்றமும் வேண்டிய அளவு சிறிதாக வேண்டும் என்பது அதன் கருத்து. நாம் வரைந்த கோட்டில் 200 இத்தேர்வில் வெல்கிறது, 500 தோற்கிறது. 500-க்கு எவ்வளவு நெருக்கமாக வலப்புறம் நின்றாலும், 225 ரூபாய் இடைவெளி குறைவதில்லை.

இது தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பாடமன்று. 200 யூனிட்டைக் கடந்தால் எல்லா யூனிட்டுக்கும் கூடிய விலை என்று எண்ணி அஞ்சுவோர் பலர். இரவில் படிக்கும் பிள்ளையிடம், 'விளக்கை அணை' என்று சொல்வோரும் உளர். படத்தைப் பாருங்கள்: 200-இல் கோடு வளைகிறதேயன்றிக் குதிக்கவில்லை. 201-ஆம் யூனிட்டின் செலவு 4 ரூபாய் 50 காசு மட்டுமே. 9 வாட் எல்.இ.டி. விளக்கு 100 மணி நேரத்திற்கு மேல் எரிந்தால்தான் ஒரு யூனிட் ஆகும். அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சி, பிள்ளையின் படிப்பைக் குறைத்துக்கொள்கிறோம். விழிப்பாயிருக்க வேண்டிய 500-இன் அருகிலோ கவனமின்றி இருந்துவிடுகிறோம். வளைவு வேறு, குதிப்பு வேறு என்றறிந்த குடும்பம், எங்கே சிக்கனம் பயன் தரும் என்பதையும் அறியும்.

இறுதியாக, பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. மேற்சொன்ன 2022-ஆம் ஆண்டுக் கட்டணப்படி 450 யூனிட்டுக்கும் 550 யூனிட்டுக்கும் தொகையைப் படத்திலிருந்து படியுங்கள். பின்னர் கணக்கிட்டுச் சரிபாருங்கள். முன்னதற்கு 1425 ரூபாயும் பின்னதற்கு 2350 ரூபாயும் வந்தால், உங்கள் படம் சரியே. அடுத்து, இப்போதைய கட்டண விகிதத்தைக் கேட்டறிந்து, உங்கள் வீட்டுக்கான படத்தை வரைந்து, அதில் எங்கே வளைவு, எங்கே குதிப்பு என்று தாய் தந்தையருக்குக் காட்டுங்கள்.