ஊருக்கு ஒரு குரல்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ம் வருஷத்தில். அதற்கு ஏழு வருஷங்களுக்கு முன்பே சென்னையில் வானொலி பேசத் தொடங்கிவிட்டது என்று சொன்னால் நேயர்களில் பலருக்கு வியப்பாயிருக்கும். அதைத் தொடங்கியது சர்க்கார் அல்ல என்பது இன்னும் பெரிய வியப்பு.

ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924 மே 16-ந் தேதி சென்னை மாகாண ரேடியோ கிளப் நிறுவப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பு நடந்தது. முதலில் அவர்களிடம் இருந்த கருவியின் சக்தி 40 வாட். அதாவது பழைய காலத்து மேஜை விளக்கு ஒன்றுக்கு வேண்டிய மின்சாரம்! பிறகு அது 200 வாட் ஆயிற்று. ஆனால் சங்கீதத்துக்குச் சபை சேர்வதுபோல் சந்தாப் பணம் சேர்வதில்லை அல்லவா? பணமுடையால் 1927 அக்டோபரில் கிளப் ஓய்ந்தது. கருவி நகரசபையின் கைக்குப் போயிற்று.

குழாயில் தண்ணீர் விடுவதும் தெருவில் குப்பை அள்ளுவதுமே நகரசபையின் வேலை என்று நாம் எண்ணியிருக்கிறோம். சென்னை நகரசபையோ 1930 ஏப்ரல் 1 முதல் வானொலி நிலையத்தையே நடத்திற்று. மாலை நேரத்தில் சங்கீதம் ஒலிபரப்பிற்று. ஜனங்கள் கேட்கும்படி கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்தது. 1938 ஜூன் 16-ந் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் தோன்றியதும் அந்த அத்தியாயம் முடிந்தது. மைசூரிலும் இதே கதைதான். பேராசிரியர் கோபாலஸ்வாமி 1935-ல் தம் இல்லத்திலேயே நிலையம் அமைத்தார். 'ஆகாசவாணி' என்ற அழகிய பெயர் அங்கிருந்துதான் தேசம் முழுவதற்கும் வந்தது. 1942-ல் அந்த நிலையம் மைசூர் சமஸ்தானத்தின் வசமாயிற்று.

அந்நிய சர்க்கார் வானொலியைத் தன் கையில் வைத்திருந்ததில் ஆச்சரியமில்லை. 1942-ல் உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் பம்பாயில் ரகசியமாகக் காங்கிரஸ் ரேடியோ நடத்தினார்கள். ஆகஸ்டில் தொடங்கிய அந்தக் குரலை நவம்பரில் போலீஸார் பிடித்து அடைத்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், 1947-ல் மண் விடுதலை பெற்ற பிறகும் வானம் விடுதலை பெறவில்லை! 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டம் அப்படியே இருந்தது. வானலை பொதுச் சொத்து, அது எந்தச் சர்க்காருக்கும் தனியுடைமையல்ல என்று சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தது 1995 பிப்ரவரியில். வழக்குக்கு மூலகாரணம் கிரிக்கெட் பந்தயத்தை ஒளிபரப்பும் உரிமை! பந்து ஓடிய வழியில் பேச்சுரிமையும் கொஞ்சம் ஓடிவந்தது என்று நாம் மகிழலாம்.

2002-ன் கடைசியில் கல்வி நிலையங்கள் சிறு வானொலி நடத்தலாம் என்று மத்திய சர்க்கார் முடிவு செய்தது. தேசத்திலேயே முதலாவதாக அதைத் தொடங்கிய பெருமை நம் கிண்டிக்கு உரியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 'அண்ணா எஃப்.எம்.' 2004 பிப்ரவரி 1 அன்று 90.4 மெகாஹெர்ட்ஸில் பேச ஆரம்பித்தது. தாம்பரத்துக்குத் தெற்கே காட்டாங்கொளத்தூரிலும் எஸ்.ஆர்.எம். நிலையத்தார் 'முத்துச்சரம்' என்ற வானொலியைத் தொடங்கினார்கள். 2006 நவம்பரில் லாபநோக்கற்ற பொதுச் சங்கங்களுக்கும் உரிமை கிடைத்தது. 2008-ல் தெலுங்கானத்துப் பஸ்தாபூர் கிராமத்தில் 'சங்கம் ரேடியோ' எழுந்தது. அதை நடத்தியவர்கள் உழவுத் தொழில் செய்யும் ஹரிஜனப் பெண்மணிகள்! பட்டம் பெற்றவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

இந்த நிலையங்களுக்குச் சர்க்கார் விதித்த சக்தி சுமார் 100 வாட். கம்பத்தின் உயரம் 30 மீட்டருக்கு மேற்படலாகாது. குரல் சுமார் பத்துக் கிலோமீட்டர் போகும். நடுவே மாடிக் கட்டிடங்கள் நின்றால் அதுவும் குறையும். "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று சிலர் கேட்கக்கூடும். குறுகிய எல்லைதான் இதன் பலம் என்பது நமது அபிப்பிராயம். பாம்பனில் 2016-ல் தொடங்கிய 'கடல் ஓசை' மீனவர்களுக்காகவே பேசுகிறது. டில்லிக்கும் சென்னைக்கும் அந்தக் கடற்கரையின் காற்றும் அலையும் அன்றாடக் கவலையாக முடியுமா?

தாம்பரத்தார் வெகு தூரம் போக வேண்டியதில்லை. 2015 டிசம்பர் முதல் வாரத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை! முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மிதந்தன. மின்சாரம் போயிற்று, கைப்பேசி ஊமையாயிற்று. அப்போது ஜனங்களுக்கு வேண்டியிருந்தது உலகச் செய்தி அல்ல. எந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது, எந்தப் பள்ளியில் சோறு போடுகிறார்கள், படகு எங்கே வருகிறது என்ற செய்திதான். இரண்டு பாட்டரியில் ஓடும் சிறு ரேடியோ அதைச் சொல்லியிருக்க முடியும். அதே மாதத்தில் கடலூரில் 'பேரிடர்க்கால வானொலி' என்று தற்காலிக நிலையமே அமைத்தார்கள். வெள்ளம் வந்த பிறகு நிலையம் தேடுவதைவிட வெள்ளத்துக்கு முன்பே ஒன்று பழகியிருப்பது நல்லதல்லவா?

குறைகள் இல்லாமல் இல்லை. இந்த நிலையங்கள் தாமாகச் செய்தி சேகரித்து வாசிக்கக் கூடாது. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் எடுத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். ஊரின் குரல் ஊர்ச் செய்தியைச் சொல்லலாகாது என்பது என்ன நியாயமோ, நமக்கு விளங்கவில்லை! பணக் கஷ்டம் 1927-ல் இருந்ததுபோலவே இன்றும் உண்டு. 2024 பிப்ரவரியில், அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த மகாநாட்டில், விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிஷத்திலிருந்து 12 நிமிஷமாகவும், பத்து வினாடிக்குச் சர்க்கார் தரும் கட்டணம் 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டதாக அறிவித்தார்கள். நல்லது, ஆனால் விளம்பரத்தைக் கொண்டு மட்டும் ஓர் ஊரின் நாவை வளர்க்க முடியாது.

நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் ஜனங்களின் பங்குடன் தயாராக வேண்டும் என்பது சர்க்கார் விதி. கல்லூரி மதிலுக்குள் பிறந்த வானொலி மதிலுக்கு வெளியே வரவேண்டும் என்பதே அதன் பொருள். தாம்பரமும் பல்லாவரமும் சேர்ந்து 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டன. ஏரிகளுக்கும் கல்லூரிகளுக்கும் இந்தப் பக்கத்தில் குறைவில்லை. ஏரியின் நிலையைக் கல்லூரி மாணவர் விசாரித்துச் சொல்லட்டும். மளிகைக் கணக்கின் கஷ்டத்தைக் குடும்பத் தலைவி பேசட்டும். செம்மண் சாலை இருந்த நாளைப் பெரியவர் நினைவுகூரட்டும்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு வீட்டு ரேடியோவின் முள்ளை மெள்ளத் திருப்பி, உங்கள் ஊர்க்குரல் எங்கேனும் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அடுத்த நாளே அந்த நிலையத்துக்குப் போய் உங்களால் ஆன உதவியைச் செய்யுங்கள். கேட்காவிட்டால் பக்கத்துக் கல்லூரிக்கும் தெருச் சங்கத்துக்கும் எழுதிக் கேளுங்கள். 40 வாட்டைக் கொண்டு ஒரு மாகாணத்தைக் கூப்பிட்ட பெரியவர்கள் வாழ்ந்த ஊர் இது. 100 வாட்டைக் கொண்டு பக்கத்துத் தெருவைக் கூப்பிட நம்மால் ஆகாதா?