வலி போனால் நோய் போய்விட்டதா?

மாணவர்களே, வீட்டில் பாட்டியோ அத்தையோ காலையில் விரல்களை மடக்க முடியாமல் வெந்நீரில் கையை வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இறுக்கம் ஒரு மணி நேரமாகியும் விலகவில்லை, இரு கை மூட்டுகளும் வீங்கியிருக்கின்றன என்றால், அது வயதால் வரும் தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் நோய் இது. விட்டுவைத்தால் எலும்பையும் அரித்துவிடும்.

என் அத்தைக்கும் இதுதான். மருத்துவமனையில் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து வாரம் சாப்பிட்டும் வலி குறையவில்லை. "அது புற்றுநோய் மருந்தாமே!" என்று யாரோ பயமுறுத்தினார்கள். அத்தை மாத்திரையை நிறுத்திவிட்டு, பாசார் மாலாமில் விற்ற 'மூலிகை' உருண்டையை வாங்கினார். மூன்றே நாளில் வலி பறந்தது. குடும்பமே மகிழ்ந்தது, அறிவியல் ஆசிரியையான நானும்தான்! சில மாதங்களில் அத்தையின் முகம் ஊதியது, சர்க்கரை ஏறியது. விரல்களும் கோணிப்போயின.

இத்தகைய உருண்டைகளில் டெக்சாமெத்தாசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய, சிங்கப்பூர் சுகாதாரத் துறைகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளன. ஸ்டீராய்டின் வேகம் புதிதல்ல. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் குழுவினர் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் கொடுத்தனர். நடக்கவே சிரமப்பட்டவர் சில நாட்களில் எளிதாக நடமாடினார். 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் நீண்ட நாள் கொடுத்தபோது பக்க விளைவுகள் வரிசையாக வந்தன. அதனால்தான் இன்று மருத்துவர்கள் அதைக் குறைந்த அளவில், முடிந்தவரை குறுகிய காலத்துக்கே தருகிறார்கள்.

மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்க 6 முதல் 12 வாரம் ஆகலாம். அத்தை நிறுத்தியது ஐந்தாவது வாரத்தில்! புற்றுநோய்க்கும் அதைத் தருவது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் பல மடங்கு அதிக அளவில். முடக்குவாதத்திற்கு வாரத்தில் ஒரே ஒரு நாள், சிறிய அளவு. கூடவே ஃபோலிக் அமிலம், அவ்வப்போது இரத்தப் பரிசோதனை. அதைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

வலி அடங்குவது வேறு, மூட்டு காப்பாற்றப்படுவது வேறு. நம் வீடுகளில் முதலாவதை மட்டுமே பார்த்து மருந்துக்கு மதிப்பெண் போடுகிறோம். இந்தத் தவற்றைப் பிடிக்கப் படித்த பிள்ளைகள் நீங்கள்தான் இருக்கிறீர்கள். ஆனால் உருண்டையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, ஏனெனில் அட்ரினல் சுரப்பி அதற்குள் தன் வேலையைக் குறைத்திருக்கும். உருண்டையோடு பாட்டியையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அத்தை இப்போது மீண்டும் மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறார். வீக்கம் வடிந்துவிட்டது, கோணிய விரல்கள் நிமிரவில்லை. சமையலறை நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வட்டம் போடுவது என் வேலை.