அறை வாடகையில் தாழ்ப்பாளும் சேர்த்தியா?

"பட்டணத்துக்குப் போனால் சொந்தக்காரர் வீட்டில் போய் இறங்கி அவர்களுக்குச் சிரமம் கொடுக்காதீர்கள். நல்ல ஹோட்டலாகப் பார்த்து ரூம் போட்டுத் தங்குங்கள்" என்று இப்போதெல்லாம் எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். நியாயமான யோசனைதான். ஒரு ஹாலும் ஒரு பெட்ரூமுமாக நாலு பேர் குடியிருக்கும் வீட்டில், பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க நமக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த 'நல்ல ஹோட்டல்' பெண்களுக்கு எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லக் காணோம்!

ஆண் துணை இல்லாமல் வெளியூர் போகும் பெண்கள் இன்று எத்தனை பேர்! மகளை வேலைக்கான தேர்வுக்கும் கலந்தாய்வுக்கும் கூட்டிப் போகும் அம்மா, ஆஸ்பத்திரிக்கு அக்காளோடு போகும் தங்கை, ஆபீஸ் வேலையாகப் போகும் இளம்பெண்... இவர்கள் யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இல்லை. ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கி எழுந்து, காலையில் போன காரியத்தை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. அதுகூடக் கிடைக்காமல் நான் பட்ட இரண்டு அனுபவங்களைச் சொல்கிறேன்.

2023-ல் என் அக்காவுக்கு மார்பில் கட்டி என்று இங்கே டாக்டர் சொல்லிவிட்டார். சென்னையில் ஒரு மருத்துவமனையில் பரிசோதனைக்கு நாள் கொடுத்தார்கள். எங்கள் சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் விடியற்காலை எழும்பூரில் இறங்கலாம். செல்போன் ஆப் மூலம் முன்கூட்டியே ரூம் பதிவு செய்து, முன்பணமும் கட்டியிருந்தோம். படத்தில் பெரிய ஜன்னல், வெள்ளை வெளேரென்று படுக்கை, பக்கத்தில் பூ ஜாடி!

போய் நின்றதும் ரிசப்ஷனில் இருந்த தம்பி கேட்ட முதல் கேள்வி, "ஜென்ட்ஸ் யாரும் வரலையாம்மா?" என்பதுதான். நாங்கள் இரண்டு பேர்தான் என்றதும், எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். "ரூம் பன்னெண்டு மணிக்குத்தான். இப்பவே வேணும்னா அரை நாள் வாடகை தனியா ஆகும்" என்றார். அந்தக் காலத்து லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு இருந்தது. விடிகாலை ஆறு மணிக்குப் போனால் மறுநாள் ஆறு மணி வரை நம் அறை. இப்போது பல இடங்களில் மதியம் 12-க்கு உள்ளே, மறுநாள் 11-க்கு வெளியே என்று வைத்திருக்கிறார்கள். தென்மாவட்டத்து ரயில்களில் பாதிக்கு மேல் விடியற்காலையில் வந்து சேருகிற ஊரில், இந்தக் கணக்கு யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை!

700 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம். அறை மூன்றாவது மாடி, லிஃப்ட் ரிப்பேர். அக்கா படியேறும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். படத்தில் பார்த்த ஜன்னல், பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்துத் திறந்தது. பெட்ஷீட்டில் யாரோ சாப்பிட்ட குழம்புக் கறை. மாற்றித் தரச் சொன்னால், "லாண்டரிலருந்து இன்னும் வரல மேடம்" என்ற பதில். நான் கொண்டுபோன சேலையை விரித்து அக்காவைப் படுக்க வைத்தேன். வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரைதானாம். நாங்கள் குளிக்கப் போனபோது மணி எட்டேகால்!

இதெல்லாம் வசதிக் குறைவு. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிவிடலாம். 2025-ல் நடந்தது அப்படிப்பட்டதல்ல.

என் மகளுக்கு டி.என்.பி.எஸ்.சி.யில் சான்றிதழ் சரிபார்ப்பு. அந்த அலுவலகம் சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பிரேசர் பாலம் சாலையில் இருக்கிறது. ரயில் தாமதமாகி நேரம் தவறிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நாள் முன்னதாகவே போய், எழும்பூரில் வேறொரு ஹோட்டலில் தங்கினோம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து சாதிச் சான்றிதழ் வரை அத்தனை ஒரிஜினலும் ஒரு ஃபைலில். இரண்டு வருடம் ராத்திரி பகலாகப் படித்ததற்கான பலன் அந்த ஒரு ஃபைலில்தான் இருந்தது.

அறைக்குள் போனதும் கதவைப் பார்த்தேன். மேல் தாழ்ப்பாள் இருந்தது. அது போய் விழ வேண்டிய ஓட்டை உடைந்து கிடந்தது. கீழ்த் தாழ்ப்பாளே இல்லை. பாத்ரூம் வென்டிலேட்டரில் இரண்டு கண்ணாடிகளைக் காணோம். உடனே கீழே சொன்னேன். "சாயங்காலம் கார்பென்டர் வருவார்மா" என்றார்கள். சாயங்காலம் கேட்டதற்கு, "காலைல வந்துருவார்" என்றார்கள். வேறு அறை கேட்டால், "எல்லாம் ஃபுல்".

இரவு பத்தேமுக்கால் மணி. மகள் அப்போதுதான் கண் அயர்ந்திருந்தாள். வெளியே சாவி திருகும் சத்தம் கேட்டது. நான் எழுந்து உட்காருவதற்குள் கதவு திறந்துவிட்டது! வாசலில் ரூம் பாய். பின்னால் பெட்டியும் கையுமாக முன்பின் தெரியாத ஒரு ஆள். "சாரி மேடம், ரூம் காலின்னு நெனச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மகள் அந்த ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரமாகச் சாய்ந்து நின்ற நிலை இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

கீழே போய் மேனேஜரிடம் கேட்டேன். "அதான் சாரி சொல்லிட்டான்ல? ஒண்ணும் ஆகலையே!" என்றார். ஏதாவது ஆன பிறகுதான் வந்து கேட்க வேண்டுமாம்! டீப்பாயையும் நாற்காலியையும் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, விடிய விடிய நான் விழித்திருந்தேன். அவளும் தூங்கவில்லை.

காலையில் கணக்குத் தீர்க்கும்போது இன்னொரு வேடிக்கை. அறை வாடகை 1400 ரூபாய். அப்போதிருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1568. "பில் வேண்டாம்னா டேக்ஸ் இல்லாம 1400 குடுத்தாப் போதும்" என்றார் மேனேஜர். 168 ரூபாய் மிச்சம் என்று ஒப்புக்கொண்டால், நாம் அங்கே தங்கினோம் என்பதற்கே அத்தாட்சி கிடையாது. பில்லைக் கேட்டு வாங்கினேன். உடைந்த தாழ்ப்பாளை செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஊருக்கு வந்ததும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். சில வாரம் கழித்து வாடகையில் பாதி திரும்பி வந்தது. மன்னிப்புக் கேட்டு ஒரு வார்த்தை வரவில்லை. தாழ்ப்பாளை மாற்றினார்களா, அதுவும் தெரியாது.

"குறைந்த வாடகைக்கு இவ்வளவுதான் கிடைக்கும்" என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திருச்சியில் மத்தியப் பேருந்து நிலையம் பக்கம் 800 ரூபாய் வாடகையில் ஒரு சின்ன லாட்ஜில் தங்கியிருக்கிறேன். பழைய கட்டில், பெயின்ட் உதிர்ந்த சுவர். ஆனால் துவைத்த விரிப்பு, கெட்டியான இரண்டு தாழ்ப்பாள், மாடியில் கூட்டிப் பெருக்க ஒரு அம்மா. "பயப்படாமத் தூங்குங்க தாயி, எதுன்னாலும் பெல் அடிங்க" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தை போதாதா? ஒரு தாழ்ப்பாள் என்ன விலை வந்துவிடும்? இல்லாதது பணம் அல்ல, அக்கறை!

ஹோட்டல்காரர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. "போலீஸ் வந்து கேட்டால் நாங்கள்தானே பதில் சொல்லணும்?" என்கிறார்கள். அடையாள அட்டை கேட்கட்டும், ரிஜிஸ்தரில் எழுதட்டும், எதற்கு வந்திருக்கிறோம் என்றும் கேட்கட்டும். ஆணிடம் கேட்பதையே பெண்ணிடமும் கேட்டால் யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் 'லேடீஸ் மட்டும் என்றால் ரூம் தருவதில்லை' என்பதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நம் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, மதம், சாதி, பால் போன்ற காரணங்களுக்காக கடை, உணவகம், ஹோட்டல் முதலிய இடங்களுக்குள் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 'ஹோட்டல்' என்ற சொல்லே அதில் இருக்கிறது, தோழியரே! 1950-லிருந்து நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டம் ரிசப்ஷன் மேஜை வரை இன்னும் வந்து சேரவில்லை.

இனி வெளியூர் போகும் தோழியருக்குச் சில வார்த்தைகள்:

முன்பணம் கொடுத்திருந்தாலும் சரி, அறையைப் பார்க்காமல் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டிலைப் பார்ப்பதற்கு முன் தாழ்ப்பாளைப் பாருங்கள். பிறகு ஜன்னல் கொக்கி, பாத்ரூம் வென்டிலேட்டர். கதவுக்கு அடியில் செருக ஒரு சின்ன மரக்கட்டை ஆப்பு பையில் இருக்கட்டும்.

எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே, வரியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 7500 ரூபாய் வரையிலான வாடகைக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பழைய 12 சதவீதத்தைப் போட்டால் விடாதீர்கள்.

சாப்பாட்டு பில்லில் அவர்களாகவே 'சர்வீஸ் சார்ஜ்' சேர்த்தால், வேண்டாம் என்று சொல்லுங்கள். கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அது செல்லும் என்றது. ஆனால் தண்ணீர் பாட்டில் விஷயம் வேறு. ஹோட்டல்கள் எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதால், நாமே கடையில் வாங்கிக்கொண்டு போவது உத்தமம்.

ஆதார் நகல் கேட்டால், முதல் 8 எண்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். ஆதார் இணையதளத்திலேயே அதை எடுக்கலாம்.

அறையில் ஒளித்து வைத்த கேமரா என்று சந்தேகம் வந்தால் மேனேஜரிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். நேரே 112-க்கு அழையுங்கள். பெண்ணின் அந்தரங்கத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே குறைந்தது ஓர் ஆண்டு சிறை. பெண்களுக்கான உதவி எண் 181-ம் மனப்பாடமாக இருக்கட்டும்.

முக்கியமாக, பில் இல்லாமல் வெளியே வராதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஹோட்டல் சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 'சென்னைக்கு யார் அலைவது' என்று இனி விட்டுவிட வேண்டாம்.

பெண்கள் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தால் போதுமா? அரசாங்கத்துக்கும் சில வேண்டுகோள்கள். லாட்ஜுகளுக்கு உரிமம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் தீயணைப்புச் சாதனத்தைப் பார்ப்பது போலவே, ஒவ்வொரு அறையின் உள்தாழ்ப்பாளையும் பாருங்கள். வாடகை, வரி, தங்கும் நேரம், புகார் எண் நாலையும் தமிழில் எழுதி வாசலில் மாட்டச் செய்யுங்கள். ரயில் நிலைய ஓய்வறைகளை உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு பதிவு செய்யலாம் என்றாலும், இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் 'தோழி' விடுதிகள் நல்ல ஏற்பாடு. தேர்வுக்கும் சிகிச்சைக்கும் ஓரிரு நாள் வந்து போகும் வெளியூர்ப் பெண்களுக்கும் அதுபோல, ரயில், பஸ் நிலையங்கள் அருகிலேயே போதிய இடம் ஒதுக்கினால் எத்தனையோ தாய்மார்கள் வாழ்த்துவார்கள்.

என் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. இனி அலுவலக விஷயமாக அவள் தனியாகவே சென்னை போய்த் தங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் கதவுக்கு முட்டுக் கொடுக்க அம்மா கூடவே போக முடியுமா? வாடகை வாங்கும்போது ஆண், பெண் பேதம் பார்க்காத ஹோட்டல் முதலாளிகளே, மரியாதை கொடுப்பதிலும், ஒரு தாழ்ப்பாள் வைப்பதிலும் அந்தச் சமத்துவத்தைக் காட்டுவீர்களா?

- ஒரு வாசகி, சங்கரன்கோவில்