தேவையில்லாத பிள்ளைக்கு எதற்கு இந்தப் பரீட்சை?

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை ஒழித்துவிட வேண்டும் என்ற குரல், பெறுபேறு வெளியாகும் கிழமையில் ஆண்டுதோறும் எழும். மறு கிழமையே அடங்கிவிடும். ஒழிக்க வேண்டியதில்லை என்பதே எமது நிலைப்பாடு. ஆனால், அதை எழுதத் தேவையே இல்லாத பிள்ளைகளை அதிலிருந்து விலக்கியாக வேண்டும்.

கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. கெட்டிக்காரப் பிள்ளை ஏழை வீட்டில் பிறந்துவிட்டால் அதன் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே அப்பாடசாலைகளுக்குப் புலமைப்பரிசில் வந்தது. அந்தத் தேவை இன்றும் தீரவில்லை. முதலாம் தர அனுமதியைப் பாருங்கள்: பிரபல பாடசாலையின் பாதி இடங்கள் அருகில் குடியிருப்போருக்கு, கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. காணி உறுதியும் மின்சாரப் பட்டியலும் காட்ட முடியாத தகப்பனுக்கு அந்த வாசல் திறக்காது. ஐந்தாம் தரத்துடன் முடிந்துவிடும் தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கும், உயர்தர விஞ்ஞானப் பிரிவு எட்டாத தூரத்தில் இருக்கும் வன்னிப் பிள்ளைக்கும், உறுதி கேட்காத ஒரே வாசல் இந்தப் பரீட்சைதான். மாற்று வழி எதுவும் வைக்காமல் இதை மூடச் சொல்பவர்கள், பெரும்பாலும் வேறு வாசலால் உள்ளே போனவர்கள்.

ஆனால் இன்று மண்டபத்தில் இருப்பவர்கள் யார்? ஆண்டுக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். முதலாம் தரத்திலேயே பிரபல பாடசாலைக்குள் நுழைந்து, அங்கேயே உயர்தரம் வரை படிக்கப்போகும் பிள்ளையும் அவர்களுள் ஒருவர். இடமாற்றம் வேண்டாம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மாதாந்த உதவித்தொகையும் அதற்கு உரியதல்ல. பின் எதற்காக எழுதுகிறது? வகுப்பில் எல்லோரும் எழுதுகிறார்கள். பாடசாலைக்குச் சித்தி வீதம் வேண்டும். வாசலில் தொங்கும் பதாகைக்குப் படங்கள் வேண்டும்.

இந்தக் கௌரவப் போட்டிதான் ரியூசன் சந்தையை ஊதிப் பெருக்கியிருக்கிறது. மூன்றாம் தரத்திலேயே 'ஸ்கொலசிப் வகுப்பு' தொடங்குகிறது. பாடசாலை விட்டதும் வானில் ஏறி, மடியில் வைத்தே சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு, இருட்டும்வரை மாதிரி வினாத்தாளுடன் குந்தியிருக்கும் பத்து வயதுப் பிள்ளையை எந்த நகரத்திலும் காணலாம். முதலாம் வினாத்தாளில் நாற்பது வினாக்கள், ஒரு மணித்தியாலம். ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். சிந்தித்துப் பார்க்கும் திறனை அளக்க வந்த வினாக்களை, சிந்திக்க நேரம் எடுக்காமல் கோடிடப் பழக்குவதுதான் இந்த வகுப்புகளின் தொழில். காசு கட்ட முடியாத தோட்டப் பிள்ளை, யாருக்காக இந்தப் பரீட்சை வந்ததோ அதே பிள்ளை, பழக்கப்பட்ட பிள்ளைகளோடு ஒரே தராசில் நிறுக்கப்படுகிறது. வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. மிச்சப் பேர் பத்து வயதில் 'பெயில்' என்ற பெயருடன் வீடு திரும்புகிறார்கள்; அவர்களுள் அந்தப் பரீட்சை தேவைப்படாத பிள்ளைகளும் அடக்கம்.

இந்த வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2024 காட்டியது. மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியே வந்தன. விடயம் உயர் நீதிமன்றம் வரை போய், அந்த மூன்றுக்கும் எல்லோருக்கும் முழுப் புள்ளி வழங்கும்படி ஆண்டின் கடைசி நாளில் தீர்ப்பு வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தவர்கள் சிறுபிள்ளைகள்.

உண்மையிலேயே எழுதவேண்டிய பிள்ளைக்குப் பெற்றோர் என்ன செய்யலாம்? கடந்தகால வினாத்தாளைக் கிழமைக்கு ஒன்று, மணிக்கூட்டை வைத்துச் செய்விக்கலாம். புள்ளியைக் கூட்டிப் பார்ப்பதைவிட, பிழைத்த வினாவை எடுத்து "ஏன் இதைப் போட்டனி?" என்று கேட்டு, சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது பயன் தரும். இரண்டாம் வினாத்தாள் பாடத்திட்டத்துக்குள்ளேதான் வருகிறது. தமிழில் கதைப்புத்தகம் வாசிக்கும் பிள்ளைக்கும், கடையில் மிச்சக் காசை எண்ணி வாங்கும் பிள்ளைக்கும் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒன்பது மணிக்கு நித்திரைக்கு விடுங்கள். அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளி உங்கள் சமையலறைக்குள் வரவே கூடாது.

மீதி கல்வி அமைச்சின் பொறுப்பு. விண்ணப்பங்கள் அதிபர் ஊடாகவே போகின்றன. ஆகவே, உயர்தரம் வரை வகுப்புள்ள பாடசாலையில் ஏற்கெனவே படிக்கும் பிள்ளை, உதவித்தொகைக்கு உரிய வருமானப் பிரிவில் இல்லையென்றால் விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்று அடுத்த சுற்றறிக்கையிலேயே எழுதலாம். மாணவர் படத்துடன் பதாகை கட்டுவதையும், பாடசாலைவாரியாகச் சித்தி வீதம் பேசுவதையும் அதே சுற்றறிக்கையில் தடை செய்யட்டும். அதிபர்கள் அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. "எங்கள் பிள்ளை எழுதவில்லை" என்று சொல்லும் பெற்றோரைக் காரியாலயத்துக்கு அழைத்து வற்புறுத்தாமல் விடுவதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வேண்டாம்.